கோயில் மைக்குக்கு எட்டு செல்

போன் அணைஞ்சு போச்சா? பாளையங்கோட்டையில நீ ரயில் ஏறும்போது எழுபதுன்னு காட்டுச்சி. எட்டிப் பாத்தேன்னு நெனைக்காதம்மா, பக்கத்துல உக்காந்தா கண்ணு அங்கன போகத்தான செய்யும். இன்னும் செய்துங்கநல்லூரே வரல, அதுக்குள்ள பொட்டுன்னு அணைஞ்சிட்டுன்னா, அந்த எழுபது பொய்யின்னு அர்த்தம். உள்ள பேட்டரி தேஞ்சிட்டு. எத்தனை சதவீதம் இருக்குங்கிறது வேற, மொத்தம் எவ்வளவு பிடிக்கும்ங்கிறது வேற. சட்டி நெறையக் குழம்பு இருக்குன்னு எல்லாரும் சொல்லுவாவ. சட்டி எவ்வளவு பெருசுன்னு யாராவது சொல்லுதாவளா?

என் பேரு எமிலி. எமிலி டீச்சர்னாதான் தெரியும். முப்பத்திரண்டு வருஷம் கணக்கு டீச்சர், ரிட்டயராகி நாலு வருஷம் ஆச்சி. நீ திருச்செந்தூருக்கா? நான் குரும்பூர்ல இறங்கிருவேன்.

இந்தா, இதைப் பாரு. ரெண்டு தீப்பெட்டியைச் சேத்து வச்ச அளவுதான் இருக்கு. இது உன் போனுக்கு ஆகாது. ரிமோட்டு, டார்ச்சு, கடிகாரத்துக்கெல்லாம் விரல் மொத்தத்துல செல்லு போடுவோம்லா, அதுலயும் திரும்பத் திரும்ப சார்ஜ் ஏத்துத செல்லு, அதுக்கு உள்ளது. நல்லா சார்ஜ் ஏத்தி இந்தக் குழியில போட்டா, உள்ள இருக்கிறதை மெதுமெதுவா வடிச்சி, மொத்தம் எவ்வளவு இருந்துச்சின்னு எண்ணிச் சொல்லும். புதுசுன்னா ரெண்டாயிரம் காட்டும். ஆயிரத்துக்குக் கீழ வந்தா அது பென்ஷன் வாங்க வேண்டிய செல்லு. ஒரு செல்லுக்கு நாலு மணி நேரம் ஆகும். ஆனா இன்னொரு எண்ணு இருக்கு, அது ஒரு நிமிஷத்துல வந்துரும். உள்ள எவ்வளவு அடைச்சிக்கிட்டு இருக்குன்னு காட்டுத எண்ணு. அது கொறைவா இருந்தா நல்லது, கூடிட்டா மோசம். கொலஸ்ட்ரால் மாதிரின்னு வச்சிக்கோயேன்.

வெலையா? ஒரு கிலோ சீலா மீன் வெல கூட இல்ல. ஆன்லைன்ல வந்துச்சி. இன்னைக்கு எங்க அக்கா பேத்திக்கு நிச்சயதார்த்தம், அங்கயும் கொண்டுபோயிருந்தேன். மாப்பிள்ளை வீட்டுக்காரவ வர நேரமாச்சி, சும்மாத்தான இருக்கோம்னு அக்கா வீட்டு ரிமோட்டு, கடிகாரம் எல்லாத்துலயும் செல்லைக் கழத்திப் பாத்துட்டேன். எங்க அக்காவுக்கு மூஞ்சி ஒரு மாதிரி ஆயிட்டு. அவளுக்கு நல்லது சொன்னா எப்பவுமே பிடிக்காது.

இந்தச் சின்ன டெஸ்டர் இருக்கே, இதால எங்க ஊருக் கோயில்ல ஒரு மனுஷனுக்கு வேலை பொழச்சிதும்மா. சொல்லுதேன் கேளு. நீயும் போன் இல்லாம சும்மாத்தான இருக்க.

எங்க ஊரு தாவீதுபுரம். நூத்தம்பது குடும்பம் இருக்கும், எல்லாம் ஒரே சபைதான். எங்க பக்கம் பாதிரியாரை ஐயர்னு சொல்லுவோம். போன வருஷம் புதுசா ஞானதுரை ஐயர் வந்தாவ. நல்ல மனுஷன். சீக்காளி இருக்கிற வீட்டுக்குப் போனா தரையில உக்காந்து ஜெபம் பண்ணுவாவ, குடுத்த காப்பியைக் குடிச்சிட்டு டம்ளரைக் கழுவி வச்சிட்டு வருவாவ. பிரசங்கம் மட்டும் கொஞ்சம் நீளம். கொஞ்சம்னா அம்பத்தஞ்சு நிமிஷம், ஒரு மணி நேரம். எனக்கு அது நீளமாவே தெரியாது. ஒரு விஷயத்தை ஒழுங்காச் சொல்லணும்னா நேரம் ஆகத்தான செய்யும்.

கோயில்ல பழைய வயர் மைக்கை எலி கடிச்சிப்போட்டுது. துபாய்ல இருக்கிற எங்க ஊருக் குடும்பம் ஒண்ணு, கையில பிடிச்சிப் பேசுத கார்டுலெஸ் மைக்கு ரெண்டு அனுப்பிச்சாவ. ஒண்ணு ஐயருக்கு, ஒண்ணு பாட்டுக் குழுவுக்கு. மைக்கு ஒண்ணுக்கு ரெண்டு செல்லு. மாத்திப் போட இன்னொரு ஜோடி வேணும்லா, ஆக மொத்தம் எட்டு. போட்டு எறியுத செல்லு வாங்கக் கூடாது, சார்ஜ் ஏத்துததுதான் வாங்கணும்னு கமிட்டியில தீர்மானம் போட வச்சது நான். எந்தக் கம்பெனின்னு சொன்னதும் நான். ஏன்னா எங்க வீட்டுல அதே கம்பெனி செல்லு எட்டு, நாலு வருஷமா ஓடிக்கிட்டு இருந்துச்சி. வெள்ளைக் கலரு.

சாமிதாஸ்னு ஒருத்தன் கோயில் வேலைக்கு இருக்கான். மணி அடிக்கது, பெருக்கது, விளக்குப் போடுதது, கல்லறைத் தோட்டத்துல குழி வெட்டுதது, மைக்கு பாக்கது, எல்லாம் அவன்தான். கோயிலுக்குப் பின்னால சின்னதா ஒரு வீடு உண்டு, வேலையில இருக்கிற வரைக்கும் அது அவனுக்கு. பொஞ்சாதி மெர்சி, ஒரு மக, அவ பிளஸ் டூ படிக்கா. சாமிதாஸ் என்கிட்ட ஏழாங் கிளாஸ் படிச்சவன்தான். கணக்கு சுமாருதான் போடுவான். அதனால செல்லு விஷயத்தை அவன்கிட்ட விட எனக்கு மனசு வரல. சார்ஜரை ராவும் பகலும் போட்டு வச்சிக் கெடுத்துருவான்னு, நான் வீட்டுக்குக் கொண்டுபோயிட்டேன். திங்கக்கிழமை வாங்கிட்டுப் போவேன், சார்ஜ் ஏத்தி சனிக்கிழமை குடுப்பேன். ஒழுங்கா நடந்துச்சி.

மூணு மாசம்தான். ஆகஸ்ட்டுல ஒரு ஞாயித்துக்கிழமை, ஐயர் கெட்ட குமாரன் கதையைச் சொல்லிக்கிட்டு இருக்காவ. அப்பன் சொத்தை வாங்கிட்டுப் போய் அழிச்சிட்டு, அந்தப் பையன் பன்னி மேய்க்கப் போற இடம் வந்துச்சி. மைக்கு நின்னுட்டு. ஆராதனை தொடங்கும்போதே அதை ஆன் பண்ணிருவாவ, அப்பம் ஒரு மணி நேரத்துக்கு மேல ஓடியிருக்கும். மாத்து ஜோடியைப் போட்டான் சாமிதாஸ், அது அஞ்சு நிமிஷம் கூட ஓடல. ஐயர் தொண்டையை விட்டுக் கத்திப் பாத்தாவ, கடைசி பெஞ்சுக்குக் கேக்கல. மீதியை அடுத்த வாரம் பாப்போம்னு முடிச்சிட்டாவ. அடுத்த வாரம் மறுபடி முதல்லயிருந்து ஆரம்பிச்சாவ. பன்னிகிட்ட வந்ததும் மறுபடி நின்னுட்டு. மூணு வாரம் அந்தப் பையன் பன்னிகிட்டயே நின்னான், வீடு வந்து சேரல.

சபையில ஒருத்தர் கூட வருத்தப்பட்ட மாதிரி தெரியல. அது எனக்கு ஆச்சரியமா இருந்துச்சி. பதினோரு மணிக்கெல்லாம் எல்லாரும் சிரிச்சிப் பேசிக்கிட்டு வெளிய வாராவ. நான் ஒருத்திதான் மனசு கெடந்து அடிச்சிக்கிட்டு இருந்தேன். எட்டும் புதுச் செல்லு, என் கையால சார்ஜ் ஏத்தினது. அப்பம் எங்கேயோ மாறுது. எங்க மாறும்? சனிக்கிழமை சாயங்காலம் சாமிதாஸ் கைக்குப் போகுது, ஞாயித்துக்கிழமை காலையில மைக்குக்குள்ள போகுது. நடுவுல வேற யாரு இருக்கா? அந்த வாரம்தான் கல்லறைத் தோட்டத்துப் பக்கம் சாமிதாஸ் டார்ச்சு அடிச்சிக்கிட்டுப் போறதைப் பாத்தேன். அப்படி ஒரு வெளிச்சம். எனக்குப் பொறி தட்டிட்டு.

கமிட்டியில சொன்னேன். எங்க செயலாளர் ஜெபக்கனி அண்ணாச்சி, உரக்கடை வச்சிருக்காவ, அவிய கேட்டாவ, "டீச்சர், டார்ச்சு வெளிச்சமா இருக்கிறது ஒரு குத்தமா?"

"அண்ணாச்சி, எனக்கு ஊகம் வேண்டாம், கணக்கு வேணும். ஒரு வாரம் டைம் குடுங்க"ன்னேன்.

அப்பம் வாங்கினதுதான் இந்த டெஸ்டர். எட்டுச் செல்லையும் கொண்டாந்தேன், நெயில் பாலிஷால ஒண்ணுலயிருந்து எட்டு வரைக்கும் நம்பர் போட்டேன். ஒவ்வொண்ணா சார்ஜ் ஏத்தி, ஒவ்வொண்ணா வடிச்சி, நோட்டுல எழுதினேன். ஒண்ணாம் நம்பர் ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பது. ரெண்டாம் நம்பரைப் போட்டுட்டுக் கீரை ஆய உக்காந்தேன், ஆஞ்சு முடிக்கல, பீப்னு சத்தம். முந்நூத்தி நாப்பது. எனக்குச் சந்தோஷமாயிட்டு. தப்புதான், ஆனா சந்தோஷமாத்தான் இருந்துச்சி. நான் நெனைச்சது சரியா வந்துட்டுல்லா. எட்டுல மூணு நல்லது, அஞ்சு கெட்டது. நல்லதுல ஒண்ணு கூட ஆயிரத்துத் தொளாயிரத்துக்குக் கீழ இல்ல, கெட்டதுல ஒண்ணு கூட ஐநூறைத் தாண்டல. ஒரே நாள்ல வாங்கின செல்லு, ஒரே மாதிரி ஓடின செல்லு, இப்பிடி மலைக்கும் மடுவுக்கும் பிரியுமா? எவனோ அஞ்சை எடுத்துட்டுப் பழசை வச்சிருக்கான்.

கமிட்டியில அதை வாசிச்சேன். சாமிதாஸைக் கூப்பிட்டு விட்டாவ. வந்து நின்னான். கையில விளக்குமாத்தோட வந்துட்டான், அதை எங்க வைக்கன்னு தெரியாம பின்னால பிடிச்சிக்கிட்டு நின்னான்.

"நான் எடுக்கல"ன்னான். அவ்வளவுதான் சொன்னான்.

"அப்பம் யாரு எடுத்தா?"ன்னு நான் கேட்டேன்.

என் முகத்தையே பாத்தான். பதில் தெரியாத பிள்ளைய போர்டுகிட்ட நின்னா அப்பிடித்தான் பாக்கும். அதனால எனக்கு அது நிச்சயமாவே தோணிட்டு. ஒரு மாசத்துல வேற ஆளைப் பாக்கதுன்னு முடிவாச்சி. வீட்டைக் காலி பண்ணுதது மக பரிச்சை முடிஞ்சப் பெறகுன்னு ஜெபக்கனி அண்ணாச்சிதான் கேட்டு வாங்கிக் குடுத்தாவ. ஐயர் மட்டும் கூட்டம் முடிஞ்சும் எந்திரிக்காம உக்காந்திருந்தாவ.

இதுக்கு மேலதான் கதையே இருக்கு. தண்ணி குடிக்கியா? வேண்டாமா. சரி.

எங்க வீட்டுக்காரர் பேரு வில்சன். பேச்சுக் கொறைவு. நான் பேசும்போது கண்ணை மூடிக் கேட்டுக்கிட்டு இருப்பாவ, அவ்வளவு கவனம். அவியளுக்கு பிரஷர் உண்டு. வீட்டுல ஒரு பிரஷர் பாக்கிற மிஷின் இருக்கு, அதுவும் செல்லுல ஓடுததுதான். அந்த வியாழக்கிழமை மத்தியானம் நான் அசனப் பண்டிகை வேலையா வெளிய போயிருந்தேன். அசனம்னா தெரியும்லா, வருஷத்துக்கு ஒரு நாள் ஆராதனை முடிஞ்சி ஊரே சேந்து உக்காந்து கறிச்சோறு சாப்பிடுதது. திரும்பி வந்தா, இவிய மேஜையில டெஸ்டரை வச்சிக்கிட்டு உக்காந்திருக்காவ.

"பிரஷர் கூடுதலாக் காட்டுச்சி. செல்லுதான் மோசமோன்னு பாத்தேன்"ன்னாவ. "எமிலி, நம்ம செல்லு வாங்கி எத்தனை வருஷம் ஆச்சி?"

"நாலு வருஷம்."

"நாலு வருஷத்துக்கு நல்லா இளமையாத்தான் இருக்கு."

எட்டிப் பாத்தேன். ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபது. மிஷின் கெட்டுட்டுன்னேன். இன்னொரு தடவை போட்டோம். அதே எண்ணு. கடிகாரத்துல இருந்ததைக் கழத்தினேன், ஃபேன் ரிமோட்டுல இருந்ததைக் கழத்தினேன். சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் ஓட்டினோம். எங்க வீட்டு எட்டுச் செல்லுல அஞ்சு, புதுப் பொண்ணு மாதிரி இருக்கு.

அந்தச் செல்லு ஒவ்வொண்ணுலயும் செஞ்ச மாசமும் வருஷமும் பொடி எழுத்துல அச்சடிச்சிருக்கும். நாங்க யாரு அதைப் பாக்கோம். அன்னைக்கு இவிய பூதக்கண்ணாடியை எடுத்துக் குடுத்தாவ. அஞ்சுலயும் போன வருஷம். கோயில் டப்பாவுல இருந்த அந்தக் கெட்ட அஞ்சை எடுத்துப் பாத்தேன். அஞ்சு வருஷத்துக்கு முந்தினது.

எங்க வீட்டுல ஃபிரிட்ஜுக்கு மேலதான் சார்ஜர் இருக்கும். கோயில் செல்லையும் அங்கதான் வைப்பேன், வீட்டுச் செல்லையும் அங்கதான் வைப்பேன். ரெண்டும் வெள்ளை. ரிமோட்டு நின்னா இவிய எடுப்பாவ, கடிகாரம் நின்னா நான் எடுப்பேன். எல்லாம் புரிஞ்சி போச்சி. அப்பிடியே ஸ்டூல்ல உக்காந்துட்டேன்.

சத்தமில்லாம மாத்தி வச்சிரலாமான்னு ஒரு நெனைப்பு வந்துச்சி. வரலன்னு சொல்ல மாட்டேன். அஞ்சையும் மாத்தி வச்சிட்டு, மறுபடி சோதிச்சேன், எல்லாம் சரியாத்தான் இருக்கு, மிஷின் கோளாறுன்னு சொன்னா யாருக்குத் தெரியப்போகுது. அவனுக்கும் வேலை போகாது, எனக்கும் ஒண்ணும் இல்ல. இவிய அஞ்சு செல்லையும் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவுல போட்டு மூடி, என் பைபிளுக்குப் பக்கத்துல வச்சாவ.

"நாளைக்கா?"ன்னு கேட்டாவ.

"நாளைக்குத்தான்"னேன்.

அந்த ஞாயித்துக்கிழமை ஐயர் என்ன பிரசங்கம் பண்ணினாவன்னு கேட்டா எனக்குத் தெரியாது. வழக்கம்போல மைக்கு நின்னுச்சி, வழக்கம்போல முடிச்சாவ. அறிவிப்பு வாசிக்கிற நேரத்துல எந்திரிச்சேன். கமிட்டியில நாலு சுவருக்குள்ள சொன்னாப் போதும்தான். ஆனா அவனைப் பத்தின பேச்சு ஊரு பூராப் போயிட்டு. நான் சொல்லப்போறதும் அவ்வளவு தூரம் போகணும்லா. மைக்கு இல்ல. எனக்கு எதுக்கு மைக்கு, ஓடு போட்ட பள்ளிக்கூடத்துல மழை அடிக்கும்போதே பாடம் எடுத்தவ.

"சாமிதாஸ் செல்லை எடுக்கல. கோயில் செல்லு என் வீட்டுலதான் இருக்கு. என் வீட்டுச் செல்லோட கலந்துபோச்சி, நான் பாக்கல. பாக்காம அவன் மேல பழி சொன்னேன். இனிமே எந்தக் காலத்துலயும் சாமிதாஸை நான் சந்தேகப்பட மாட்டேன். இதைச் சபை முன்னால சொல்லுதேன்."

உக்காந்துட்டேன். சாமிதாஸ் வாசப்பக்கம் நின்னான். அவன் முகத்தைப் பாக்க எனக்கு முடியல. ஜெபக்கனி அண்ணாச்சி எந்திரிச்சி, "அப்பம் அந்த முடிவு ரத்து"ன்னாவ. எல்லாரும் ஆமான்னு தலையாட்டினாவ. வீட்டுக்கு வார வழியில இவிய சொன்னாவ, "முப்பத்தஞ்சு வருஷத்துல நீ இவ்வளவு கொஞ்சமாப் பேசி நான் கேட்டதில்ல"ன்னு. கேலியாச் சொன்னாவளா, பாராட்டிச் சொன்னாவளான்னு எனக்கு இன்னும் தெரியல.

அன்னைக்குச் சாயங்காலம் சாமிதாஸ் வீட்டுக்குப் போனேன். மணிக் கயிறு நைஞ்சு போச்சின்னு முத்தத்துல உக்காந்து முறுக்கிக்கிட்டு இருந்தான். மெர்சி என்னைப் பாத்ததும் உள்ள போயிட்டா. நாற்காலி எடுத்துப் போட்டான், நான் உக்காரல.

"டீச்சரம்மா, எனக்கு முன்னாடியே தெரியும்"னான். "புதுச் செல்லு ஒவ்வொண்ணுலயும் அடியில ஆணியால சின்னதாக் கோடு போட்டு வச்சிருந்தேன். ஒரு சனிக்கிழமை நீங்க குடுத்ததுல ரெண்டுல கோடு இல்ல. அடுத்த வாரம் இன்னும் மூணுல இல்ல."

"பெறகு ஏம்ல சொல்லல? கமிட்டியில நான் கேட்டேன்லா, யாரு எடுத்தான்னு."

"சொன்னா நம்பியிருப்பியளா?"

அவன் கயிறை முறுக்கிக்கிட்டே இருந்தான். நான் ஒரு முனையைப் பிடிச்சிக்கிட்டேன். ஒத்தையா முறுக்கினா கயிறு துள்ளும்லா. முடியிற வரைக்கும் பிடிச்சிக்கிட்டு நின்னேன். பெறகு உள்ள இருந்து காப்பி வந்துச்சி. மெர்சி குடுக்கல, மகதான் கொண்டாந்தா. மெர்சி பேச கிறிஸ்மஸ் ஆச்சி.

அன்னைக்கே சார்ஜரை அவன்கிட்டயே குடுத்துட்டேன். நல்ல செல்லு எட்டுக்கும் செகப்பு நெயில் பாலிஷ்ல பொட்டு வச்சேன். அந்தப் பழைய அஞ்சையும் வீட்டுல வச்சா மறுபடி கலந்துருமேன்னு, கோயில் கடிகாரத்துக்குப் போட்டுக்கோன்னு அவனுக்கே குடுத்தேன். டெஸ்டரை எப்பிடிப் போடணும், எந்த எண்ணு எதுன்னு சொல்லிக் குடுத்தேன். ஒரு தடவைதான் சொன்னேன், பிடிச்சிக்கிட்டான். நோட்டு போட்டு எழுதுதான். எந்தச் செல்லு எவ்வளவு, எந்த ஜோடி மைக்குல எத்தனை நிமிஷம் ஓடுது, எல்லாம் கட்டம் போட்டு எழுதியிருக்கான். நான் சொல்லிக் குடுத்த கணக்கு வீண் போகலன்னு பெருமையா இருந்துச்சி.

அடுத்த வாரம் மைக்கு நிக்கவே இல்லம்மா. அந்தக் கெட்ட குமாரன் அன்னைக்குத்தான் வீடு வந்து சேந்தான். அப்பன் ஓடிப்போய்க் கட்டிப்பிடிச்சி, கன்னுக்குட்டி அடிச்சி விருந்து வச்சி எல்லாம் ஆச்சி. அதுக்கு மேல அண்ணன்காரன் கதை இருபத்தஞ்சு நிமிஷம். விட்டுப்போன அத்தனை வாரத்தையும் ஐயர் சேத்துப் பிடிச்சிட்டாவ. பன்னண்டு மணிக்கு வெளிய வந்தோம். எல்லாரும் என்னைக் கைகுடுத்துப் பாராட்டுவாவன்னு வாசல்ல நின்னேன். ஒருத்தரும் பேசல. தையக்காரி ஸ்டெல்லா மட்டும், "டீச்சர், அந்த மிஷினை உங்களை யாரு வாங்கச் சொன்னா?"ன்னு கேட்டா. விவரம் தெரிஞ்சிக்கத்தான் கேக்கான்னு, ஆன்லைன்ல எப்பிடி வாங்கினேன்னு சொன்னேன். அவ பாதியிலயே போயிட்டா.

நவம்பர்ல அசனம் வந்துச்சி. ரெண்டாயிரம் காட்டுத ஜோடி மைக்குல இருக்கு. ஐயர் ஒரு மணி இருபது நிமிஷம் பேசினாவ. வெளிய பந்தல்ல கறிக்குழம்பு வாசம் கோயிலுக்குள்ள வருது, பிள்ளைய அழுது, சோறு வெந்து விறைச்சிப் போச்சி. சமையல்காரர் ரெண்டு தடவை சன்னல் வழியா எட்டிப் பாத்தாரு. எனக்கு நல்லாத்தான் இருந்துச்சி, ஒரு வார்த்தை கூட விடாம கேட்டேன். பந்தியில எனக்கு மட்டும் ரெண்டே துண்டு கறி விழுந்துச்சி, அதுவும் எலும்பு. கூட்டத்துல அப்பிடித்தான ஆகும்.

சாப்பிட்டு முடிஞ்சி ஜெபக்கனி அண்ணாச்சியும் கமிட்டிக்காரவ ரெண்டு பேரும் மணிக்கூண்டுக்குப் பின்னால சாமிதாஸ்கிட்ட நின்னு ரொம்ப நேரம் பேசிக்கிட்டு இருந்தாவ. எங்க வீட்டுக்காரரும் போய் நின்னாவ. அண்ணாச்சி அவன் தோள்ல கையைப் போட்டிருந்தாவ. எனக்குக் கண்ணு கலங்கிட்டு. பழி சொன்னது நான், அதுக்கு இத்தனை பேரு நேர்ல போய் மன்னிப்புக் கேக்காவளேன்னு.

அதுக்கப்புறம் மைக்குல ஏதோ ஒரு சின்னக் கோளாறு வந்துட்டு. எனக்கு அதுதான் பிடிபடல. பிரசங்கம் ஆரம்பிச்சி இருபத்தஞ்சாவது நிமிஷம், அதிகம் போனா இருபத்தேழு, நின்னுருது. வாராவாரம் அப்பிடித்தான். செல்லு மேல தப்பு இல்ல. மாசம் ஒருக்கா சாமிதாஸ் எட்டையும் என் வீட்டுக்குக் கொண்டாரான், நானே போட்டுப் பாக்கேன். செகப்புப் பொட்டு வச்ச எட்டும் ஆயிரத்துத் தொளாயிரத்துக்கு மேலதான் காட்டுது. கடிகாரத்துக்குன்னு குடுத்த பழைய அஞ்சை மட்டும் அவன் கொண்டாரதில்ல, அது எனக்கு எதுக்கு. அப்பம் மைக்குதான் சூடாகுதுன்னு நான் முடிவு பண்ணியிருக்கேன். மைக்கைத் தொறந்து பாக்கலாம்தான். ஆனா சாமிதாஸ் பொறுப்புல உள்ளதை நான் போய்த் தோண்டினா அது சந்தேகப்பட்ட மாதிரி ஆயிரும்லா. சபை முன்னால சொன்ன வாக்கு.

சாமிதாஸுக்கு இப்பம் ஊர்ல அவ்வளவு மரியாதை. ஒருத்தர் மீன் குடுத்து விடுதாவ, ஒருத்தர் முருங்கைக்காய் குடுத்து விடுதாவ. மெர்சிக்கு ஸ்டெல்லா சும்மாவே ஜாக்கெட் தச்சிக் குடுக்கா. எங்க வீட்டுக்காரர் ஞாயித்துக்கிழமை கோயிலுக்குள்ள நுழையும்போது அவனைப் பாத்து ஒரு விரலைக் காட்டுவாவ, சில நாள் ரெண்டு விரலைக் காட்டுவாவ. என்னன்னு கேட்டேன். எத்தனாவது பாட்டுன்னு கேக்கேன்னாவ. பாட்டு எத்தனாவதா இருந்தா என்ன, இவிய பாடவே மாட்டாவ.

குரும்பூர் வருது, முடிச்சிருதேன். ஐயர் முதல்ல கொஞ்சம் வருத்தப்பட்டாவ. பெறகு அவியளே ஒரு வழிக்கு வந்துட்டாவ. சொல்ல வேண்டியதை முன்னாலயே சொல்லிருதாவ, சுத்தி வளைக்கதில்ல. என்னைக் கேட்டா, எனக்கு முந்திதான் நல்லா இருந்துச்சி. ஆனா ஒண்ணு சொல்லணும். போன ஈஸ்டர் அன்னைக்கு, கல்லறை தொறந்திருக்கு, மரியாள் திரும்பிப் பாக்கா, சரியா அந்த இடத்துல மைக்கு நின்னுட்டு. ஐயர் மைக்கைப் பாத்தாவ, வாசல்ல நின்ன சாமிதாஸைப் பாத்தாவ, லேசாச் சிரிச்சிக்கிட்டே பைபிளை மூடி ஆமென்னாவ. சபையே ஒரே குரலா ஆமென்னு சொல்லிச்சி பாரு, கூரை அதிர்ந்துட்டு. நாப்பது வருஷமா அந்தக் கோயிலுக்குப் போறேன், இப்பிடி ஒரு ஆமென் நான் கேட்டதில்லம்மா. அந்தப் பிரசங்கம் அவ்வளவு ஆழமா எறங்கியிருக்கு.